இடது இருக்கை

ஜனவரி 6

மூன்றாவது முறையாகக் கேட்டிருக்கிறார்கள். கேப்டனாகப் பதவி உயர்வு வேண்டுமா, வேண்டாமா? ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு முறை வேண்டாம் என்றவன் நான். சென்னையில் இருக்கும் துணை விமானிகளில், அதாவது ஃபர்ஸ்ட் ஆபீசர்களில், நான்தான் மூத்தவன். எந்த விமானம், எந்த நாள் என்று முதலில் தேர்ந்தெடுக்கிற உரிமை எனக்கு. காலையில் மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போய்த் திரும்பி, மதியச் சாப்பாட்டுக்குப் பம்மலில் என் வீட்டில் இருப்பேன். மாலையில் ஆதிரையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போவேன். பத்து வயது மகள் இருக்கிற அப்பாக்களில் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்?

கேப்டனானால், கேப்டன்களின் வரிசையில் நான் கடைசி ஆள். குவாஹாட்டியில்தான் இடம் காலியாம். கொடுத்த ரோஸ்டரை, அந்த மாத வேலைப் பட்டியலை, அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். மாதத்தில் நாலைந்து நாள் வீட்டுக்கு வரலாம், அதுவும் அவர்கள் மனது வைத்தால். சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல்.

மொட்டைமாடித் தொட்டியில் மிதவை வால்வு போய்விட்டது. பிளம்பர் நாளை வருகிறேன் என்றார். நேற்றும் அதையேதான் சொன்னார்.

ஜனவரி 8

இன்று கோயம்புத்தூர். இடது பக்கத்தில் கேப்டனாக ஃபெரோஸ். எனக்கு ஐந்து வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவன். முதன்முதலில் வானொலியில் பேசத் தடுமாறியபோது நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அவனும் இப்போது குவாஹாட்டியில்தான் இருக்கிறான். ஒரு விமானத்தை இங்கே கொண்டுவந்திருந்தான்.

"நீங்க ஏண்ணே இன்னும் இந்தப் பக்கமே உக்காந்திருக்கீங்க?" என்றான்.

"வீட்டுச் சாப்பாடுடா."

"அதுவும் சரிதாண்ணே. பணம் வருது, இல்லைன்னு சொல்லல. ஆனா என் பையன் போனைப் பாத்துத்தான் அத்தாங்கிறான். நேர்ல போனா அவங்கம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிறான்."

இறங்கும்போது ஒரு பெரியவர் விமானி அறை வாசலில் நின்று ஃபெரோஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் தோளில் நாலு பட்டை, என் தோளில் மூன்று. என்னைப் பார்த்து, "தம்பி, நீங்களும் சீக்கிரம் இவரை மாதிரி வரணும்" என்றார். எனக்கு நாற்பத்தொன்று. ஃபெரோஸுக்கு முப்பத்துநாலு.

அது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. வேடிக்கையாக இருந்ததால் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 10

வசுமதியிடம் பேசினேன். பள்ளிக்கூடத்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறாள்.

"பணத்துக்காகன்னா வேண்டாங்க. நமக்கு இப்ப என்ன குறை?"

"ஆதிரை படிப்பு இருக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா கையில இருக்கணும்ல?"

"அதெல்லாம் விடுங்க. உங்களுக்குப் போகணும்னு இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க."

"குடும்பத்துக்காகத்தான் யோசிக்கிறேன்."

சிரித்தாள். "சரி, குடும்பத்துக்காகவே போயிட்டு வாங்க."

சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்ததில் புரையேறிவிட்டது. கண்ணில் நீர் வருமளவு இருமினாள். பேசிக்கொண்டே குடிக்காதே என்று எத்தனை தடவை சொல்வது.

ஜனவரி 12

சம்மதம் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 3

குர்கானில் சிமுலேட்டர் பயிற்சி. பதினான்கு வருடம் வலது பக்கம் உட்கார்ந்த உடம்பு. இப்போது இடது கையால் விமானத்தைப் பிடித்து, வலது கையால் இன்ஜினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கைகள் அடம்பிடிக்கின்றன. ஓடுபாதையில் ஓடும்போது இன்ஜினில் தீ. நிறுத்துவதா, எழும்புவதா என்பதைக் கேப்டன் மட்டும்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் நாள் தாமதித்தேன். இன்று தாமதிக்கவில்லை.

ஏழு மணிக்கு வசுவைக் கூப்பிட்டேன். அவள் நாக்கு குழறியது.

"தூங்கிட்டியா?"

"ஆமா. அசதி."

பரீட்சை நேரம். பள்ளிக்கூடத்தில் பிழிந்தெடுக்கிறார்கள்.

ஏப்ரல் 11

தேறிவிட்டேன். வசு பெரிய பூங்கொத்துப் படம் அனுப்பினாள்.

மே 21

இரண்டு நாள் வீட்டில். முன்பெல்லாம் படுக்கும்முன் வசு ஆதிரைக்குக் கதை வாசிப்பாள். இப்போது ஆதிரை வாசிக்கிறாள், வசு கேட்கிறாள். பெண் வளர்ந்துவிட்டாள். நல்ல மாற்றம்.

வசுவின் சாப்பாட்டில் எல்லாமே குழைவு. கஞ்சி, குழைத்த பருப்புச் சாதம், இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்து. உடம்பைக் குறைக்கிறாளாம். குறைந்துதான் இருக்கிறாள். கழுத்தெலும்பு தெரிகிறது. இந்த வயதில் இவ்வளவு கட்டுப்பாடு எல்லோருக்கும் வராது என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

ஜூன் 28

இன்று நான் கேப்டன் குணசீலன். பரிசோதகர் கையைக் குலுக்கி, நாலாவது பட்டையை அவரே தோளில் மாட்டிவிட்டார். விமான நிலையக் கழிப்பறைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஆளில்லாத நேரம்தான்.

வீடியோவில் காட்டினேன். ஆதிரை கத்தித் தீர்த்தாள். வசு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். தொண்டை கட்டியிருக்கிறதாம். அழுதாள்.

ஜூலை 19

வசு வேலையை விட்டுவிட்டாள். குரல் கட்டுகிறது, கத்திப் பாடம் எடுக்க முடியவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தாள். நல்லதுதான். என் புதுச் சம்பளம் வர ஆரம்பித்துவிட்டது, இனி அவள் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? அப்படியே பதில் அனுப்பினேன்.

அவள் தங்கை சுமித்ரா விருதுநகரிலிருந்து வந்து துணைக்கு இருக்கிறாளாம். எனக்கும் நிம்மதி.

ஆகஸ்ட் 14

குவாஹாட்டியில் ஃபெரோஸோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். மழை ஓய்வதேயில்லை. துவைத்த சீருடை மூன்று நாளாகியும் காயவில்லை. எல்லாவற்றிலும் கடுகெண்ணெய் வாசனை.

ஸ்டாண்ட்பை என்றால், குளித்துச் சட்டை போட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கூப்பிட்டால் ஓட வேண்டும். கூப்பிடாவிட்டாலும் அந்த நாள் நம்முடையதல்ல. இந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். வசு பேசவில்லை. சுமித்ராதான் சொன்னாள்: "குரல்நாண்ல சின்னக் கட்டியாம் மாமா. சாதாக் கட்டிதான். வாத்தியார் வேலை பாக்கிறவங்களுக்கு வருமாம். கொஞ்ச நாள் பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு." சொல்லும்போது கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. அந்தப் பெண்ணுக்கு எப்போதும் கூச்சம்.

இப்போது வசுவும் நானும் எல்லாமே செய்தியில்தான். ஒருவகையில் எனக்கும் வசதி. இரண்டு விமானங்களுக்கு நடுவில் படித்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 9

அகர்தலாவில் இறங்கப் போகும்போது புயல்மழை. ஓடுபாதை தெரிவதுபோலிருந்தது, மறுபடி மறைந்தது. மேலே ஏற்றினேன். சுற்றி வந்து இன்னொரு முறை. காற்று பக்கவாட்டில் தூக்கி எறிந்தது. பக்கத்திலிருந்த துணை விமானிப் பையன் என்னைப் பார்த்தான். பின்னால் நூற்றெண்பது பேர். "கொல்கத்தா போகிறோம்" என்றேன். அவ்வளவுதான், விவாதம் இல்லை. கொல்கத்தாவில் பத்திரமாக இறக்கி இன்ஜினை அணைத்தேன். இத்தனை வருடம் இதை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேனே.

வசுவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசினேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் 'ம்' மாதிரி ஒரு சத்தம் வந்தது. லைன் சரியில்லை.

செப்டம்பர் 24

விடுப்பு ரத்து. ஆள் குறைச்சலாம். ஆதிரையின் நீச்சல் போட்டிக்குப் போக முடியாது. இரண்டாவதாக வந்தால் எனக்குப் படம் அனுப்பச் சொன்னேன். "ஏன், முதலாவதா வந்தா?" என்றாள். சிரித்தோம்.

அக்டோபர் 18

தீபாவளிக்கு வந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். வசுவுக்கு மட்டும் மிக்ஸியில் அடித்த ஏதோ ஒன்று கிண்ணத்தில். ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகும்போது, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள்.

"பேசக் கூடாதுன்னு சொன்ன காலமெல்லாம் முடிஞ்சிருக்குமே வசு. என் மேல ஏதாவது கோபமா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப ஒரு வார்த்தை பேசு."

வசு ஆதிரையைப் பார்த்தாள். ஆதிரை எதுவும் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"என்ன... பேச?" என்றாள் வசு.

இரண்டே வார்த்தை. மூக்கு வழியாக, குடித்தவர் பேசுவதுபோல இழுத்துக்கொண்டு வந்தன. நான் எழுந்து கார் சாவியைத் தேடினேன்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம். இது பக்கவாதம் மாதிரி இருக்கு. உடனே போனா சரி பண்ணிடலாம். சுமி, அக்காவைப் பிடி."

சுமித்ரா சமையலறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். வசு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் பலமே இல்லை.

"போயாச்சு" என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "ஜூலையிலேயே... போயாச்சு."

அக்டோபர் 20

டாக்டரைப் பார்த்தேன். தசைகளை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய். வசுவுக்கு நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கியிருக்கிறது, அதனால் வேகம் அதிகம். பேச்சு, விழுங்குவது, கைகால், கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் அப்படியே இருக்கும். மருந்து இல்லையா என்றேன். கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார். எவ்வளவு என்று கேட்டேன். அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி வைத்தார். "வீட்டில் கூட இருக்க யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும் சுமித்ரா, "அக்கா என் தலையில கை வச்சு சத்தியம் வாங்கிட்டா மாமா" என்றாள். ஆதிரைக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அவளுக்குத்தான் முதல்ல தெரியும்."

அக்டோபர் 21

வசு சொன்னவற்றை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். அவற்றைச் சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

"ஏன் மறைச்சே?"

"சொன்னா பாதியில விட்டுட்டு வந்திருப்பீங்க. அப்புறம் என் முகத்தைப் பாக்கும்போதெல்லாம் அந்த சீட்டுதான் உங்களுக்கு ஞாபகம் வரும்."

"அப்படியெல்லாம் இல்ல வசு."

அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"நான் திரும்பி வந்துடறேன். பழையபடி ஃபர்ஸ்ட் ஆபீசரா, சென்னைக்கே."

"வேண்டாம். மூச்சு மெஷின் வேணும். ஆள் வைக்கணும். எனக்கப்புறம் ஆதிரை இருக்கா. அந்தச் சம்பளம் வேணும்."

"நீதானே பணத்துக்காகன்னா வேண்டாம்னே?"

"அப்ப வேண்டாம். இப்ப வேணும்."

"நான் கூட இருக்க வேண்டாமா?"

"நான் இப்படி ஆகிறதை நீங்க பாக்க வேண்டாம்" என்றாள். இதை மட்டும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை எனக்குப் புரியவில்லை.

நவம்பர் 2

குவாஹாட்டி. அவள் சொன்னபடி திரும்பி வந்துவிட்டேன். நன்றாகத் தூங்குகிறேன்.

நவம்பர் 13

இம்பால். சுற்றிலும் மலை. இறங்குவதை ஒன்பதாயிரம் அடியில் நிறுத்தக் கட்டுப்பாட்டு அறையில் சொல்லியிருந்தார்கள். நான் உயரக் குமிழை ஏழாயிரத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த துணை விமானிப் பெண் "கேப்டன்" என்றாளாம். பிறகு மறுபடியும் "கேப்டன்" என்றாள். எனக்கு இரண்டாவதுதான் கேட்டது. அதற்குள் அவளே கையை நீட்டிச் சரிசெய்துவிட்டாள். மேகத்துக்குள் இருந்தோம். மலை எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

இறங்கியதும் நானே அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

ஃபெரோஸ் சமைத்து வைத்திருந்தான். சாப்பிடவில்லை.

"எத்தனை நாளாண்ணே தூங்கல?"

"தூங்கறேன்டா."

"பக்கத்து ரூம்தாண்ணே என்னுது. நீங்க நடக்கிறது கேக்குது." தட்டை என் பக்கம் தள்ளினான். "இங்க உக்காந்துக்கிட்டு அங்க இருந்தீங்கன்னா, ரெண்டு இடத்திலயும் இல்லைண்ணே. பின்னாடி இருக்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

நவம்பர் 20

குர்கான் தலைமை அலுவலகம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மனைவிக்காக வருத்தப்பட்டார். இரண்டு வழி இருக்கிறது என்றார். மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு, அல்லது கீழே இறங்குவது. இறங்கினால் மறுபடி கேப்டன் பதவி கேட்கக் கூடாது. பயிற்சிச் செலவை மாதாமாதம் பிடிப்பார்கள். ஃபர்ஸ்ட் ஆபீசர்களின் வரிசையிலும் கடைசியில்தான் நிற்க வேண்டும். நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் பின்னால்.

"சென்னை கிடைக்குமா?"

"கிடைக்கும். ரோஸ்டர் உங்கள் இஷ்டத்துக்கு இருக்காது."

மூன்று மாதம் எதற்குப் போதும்? கீழே இறங்கக் கையெழுத்துப் போட்டேன். வசுவிடம் கேட்கவில்லை.

டிசம்பர் 5

பெட்டிகளோடு வந்து நின்றதும் வசுவுக்குப் புரிந்துவிட்டது. என் தோளில் மூன்று பட்டையைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தானாகத் திரும்ப முடியாது. சுமித்ராவைக் கூப்பிட்டுத் திருப்பிவிடச் சொன்னாள்.

டிசம்பர் 8

பேசவில்லை.

டிசம்பர் 11

பேசவில்லை. சுமித்ராவிடம் பேசுகிறாள். ஆதிரையிடம் பேசுகிறாள். அறைக்கு வெளியே நின்று கேட்டேன். வெறும் சத்தமாகத்தான் இருக்கிறது. ஆதிரை அதற்குச் சிரிக்கிறாள், பதில் சொல்கிறாள், எழுந்துபோய்க் கேட்டதை எடுத்து வருகிறாள்.

டிசம்பர் 15

வலது இருக்கைக்குத் திரும்பியாயிற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெளியூரில் தங்கல். நான் விட்டுப்போன காலை விமானங்கள் எல்லாம் வேறு ஆட்களுக்கு. வீட்டில் இருக்கும் நேரங்களில் வசுவைக் குளிப்பாட்ட, தலைவாரக் கற்றுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொள்கிறாள். எச்சிலைத் துடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்க்கிறாள், முடியவில்லை.

டிசம்பர் 22

டாக்டர் வந்து பார்த்தார். பேச்சு இன்னும் சில வாரங்களுக்குத்தான் என்றார். சாப்பாடு செலுத்த வயிற்றில் குழாய் வைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம், ஜனவரி நடுவில் வைத்துவிடலாம் என்றார்.

இருக்கிற சில வாரத்தையும் இப்படிச் செலவழிக்கிறாள். அவளிடம் போய்ச் சொன்னேன். "திட்டவாவது செய் வசு." மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 3

விசாகப்பட்டினத்திலிருந்து மத்தியானம் வந்தேன். சட்டையைக்கூட மாற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வசு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

என்னிடம்தான் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. குனிந்து காதை வாயருகே வைத்தேன். மறுபடி சொன்னாள். மூன்றாவது முறையும் சொன்னாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து. காற்றும் சத்தமும் மட்டும்தான் வந்தன. புரிந்ததுபோல் தலையாட்டினேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் நீர் வழிந்தது.

ஆதிரை பள்ளிப் பையோடு வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அப்பா, 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கறாங்க."

"இன்னொரு தரம் சொல்லச் சொல்லும்மா."

"அதேதாம்ப்பா. 'மெலிஞ்சு போயிட்டீங்க, சாப்பிட்டீங்களா?' அவ்வளவுதான்." பையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்குப் பழகிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமாத்தானே மாறுச்சு. நீங்க இல்லேல்ல, அதான்."

குற்றம் சொல்லவில்லை குழந்தை. காரணம் சொன்னாள்.

ஜனவரி 7

ஆதிரை சொல்லிக்கொடுக்கிறாள். 'த'வும் 'ச'வும் அம்மாவுக்கு ஒரே மாதிரி வரும். 'ப' வராது, மூச்சாகத்தான் வரும். கண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் தப்பாகச் சொன்னால் வசு புருவத்தை உயர்த்துகிறாள். இன்று முழுக்கத் தப்பாகவே சொன்னேன்.

ஜனவரி 11

வரும் வியாழக்கிழமை குழாய் வைக்கிறார்கள். அதுவரை வாயால் கொடுக்கலாம். சுமித்ரா கடைக்குப் போயிருந்தாள், ஆதிரை பள்ளியில். நானே ராகிக் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, ஸ்பூனில் எடுத்துக் கொடுத்தேன். வசு உதட்டைத் தொட்டதும் பின்வாங்கி ஏதோ சொன்னாள். ஸ்பூனை வைத்துவிட்டு அவள் கண்ணைப் பார்த்தேன். மறுபடி சொன்னாள்.

"சூடா?"

புருவம் உயரவில்லை.

ஊதி ஊதிக் கொடுத்தேன்.